இரு கை பட்ட நிரலை இணைக்கும் மரம்

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தொலைவில், ஆந்திர எல்லைக்கு அருகில் உள்ள கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்திலும் அதன் சுற்றுப்புறத்திலும் இரும்பு உருக்கும் ஆலைகளும் கம்பி உருட்டும் ஆலைகளும் நெருக்கமாக இயங்கி வருகின்றன. உருட்டாலைக்கு வரும் பில்லட் என்னும் எஃகுக் கட்டைகள், மறுசூடாக்கும் உலையில் 1,100 முதல் 1,200 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடேற்றப்பட்டு, உருளைகளுக்கிடையே அடுத்தடுத்துச் செலுத்தப்பட்டு, வீடு கட்டுவோர் டிஎம்டி கம்பி என்று கேட்டு வாங்கும் பொருளாக வெளிவருகின்றன. தானியங்கிக் கட்டுப்பாடு பொருத்தப்பட்ட உலைகளில், எரிபொருள் எவ்வளவு செல்ல வேண்டும், காற்றூதி எப்போது ஓட வேண்டும், எந்த வெப்பத்தில் எச்சரிக்கை மணி ஒலிக்க வேண்டும் என்பவற்றைப் பி.எல்.சி. எனப்படும் கட்டுப்பாட்டுக் கணினி முடிவு செய்கிறது. அந்தக் கணினிக்குள் இருப்பது மனிதர் எழுதியதும் மனிதர் படிக்கக்கூடியதுமான ஒரு நிரலே.

இந்த நிரலில்தான் ஒரு புதிர் அடங்கியிருக்கிறது. ஆலையின் பராமரிப்புப் பொறியாளர் நிரலின் ஒரு படியைத் தம் மடிக்கணினியில் வைத்துக்கொண்டு வெப்ப வரம்பைத் திருத்துகிறார் என்றும், அதே வாரத்தில் உலையை நிறுவித் தந்த ஒப்பந்ததாரரின் பொறியாளர் தம்மிடமுள்ள படியில் ஒரு பாதுகாப்பு நிபந்தனையைச் சேர்க்கிறார் என்றும் கொள்வோம். இருவர் செய்ததும் சரியானதே. ஆயினும் இரண்டு திருத்தங்களும் ஒருசேர இருக்கும் கோப்பு எங்கும் இல்லை. கடைசியாக எவருடைய படி பி.எல்.சி.யில் ஏற்றப்படுகிறதோ அது மற்றவருடைய வேலையைச் சுவடின்றி அழித்துவிடும். இரண்டையும் இணைக்க, ஒருவர் இரு கோப்புகளையும் அருகருகே திறந்துவைத்து வரிக்கு வரி கண்ணால் ஒப்பிட வேண்டும். அந்த வேலையைக் கணினியிடமே விடலாமா, விட்டால் அது எதை அறிந்திருக்க வேண்டும் என்னும் வினா, கணினியியலில் ஐம்பது ஆண்டுகளாக ஆராயப்பட்டு வருகிறது.

இத்தகைய நிரல்கள் ‘கட்டமைப்புள்ள எளிய உரை’ என்னும் வகையைச் சேர்ந்தவை. எழுத்துரு, நிறம் முதலிய மறைகுறிகள் இல்லாமல் எந்த எளிய உரைத் திருத்தியிலும் திறக்கத்தக்கது என்பதால் அது எளிய உரை. எதற்குள் எது வரலாம், எது எங்கே முடிய வேண்டும் என்னும் கறாரான இலக்கணத்துக்குக் கட்டுப்பட்டது என்பதால் அது கட்டமைப்புள்ளது. ஆலைக் கட்டுப்பாட்டுக்கான மொழிகளை வரையறுக்கும் ஐ.இ.சி. 61131-3 என்னும் பன்னாட்டுத் தரம் 1993இல் வெளிவந்தபோது, அதில் இடம்பெற்ற மொழிகளுள் ஒன்று ‘ஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்ட்’ என்றே பெயர் பெற்றது. பாஸ்கல் மொழியின் சாயல் கொண்ட அதுவும், கணித நூல்களை அச்சுக்கோக்கப் பயன்படும் லேடெக் உரையும், விக்கிப்பீடியாப் பக்கங்களின் மூல உரையும் இந்த ஒரே வகையில் அடங்கும்.

இணைப்பைப் பற்றி முதலில் தெளிய வேண்டியது, இரண்டு படிகள் மட்டும் இருந்தால் எவராலும் சரியாக இணைக்க முடியாது என்பதாகும். ஒரு வீட்டில் மாத மளிகைப் பட்டியல் எழுதப்பட்டு, அதன் இரு நகல்களைக் கணவனும் மனைவியும் தனித்தனியே திருத்தியிருக்க, ஒரு நகலில் உளுந்து இருந்து மற்றதில் இல்லையென்றால், ஒருவர் உளுந்தைச் சேர்த்தாரா, அல்லது மற்றவர் அடித்தாரா என்பதை அவ்விரு நகல்களையும் எவ்வளவு நேரம் பார்த்தாலும் கண்டறிய முடியாது. திருத்தத்துக்கு முந்தைய பட்டியல் கைக்குக் கிடைத்தால் நொடியில் விடை தெரிந்துவிடும். இந்த முந்தைய படிக்கு ‘மூலப்படி’ என்று பெயரிடலாம். மூலப்படியையும் இரு திருத்தப்படிகளையும் சேர்த்து வைத்துச் செய்யும் இணைப்பு ‘மூவழி இணைப்பு’ எனப்படும். மூலத்திலிருந்து ஒருவர் மட்டும் மாற்றிய இடத்தில் அவருடைய மாற்றம் ஏற்கப்படும். இருவரும் மாற்றாத இடம் அப்படியே நிற்கும். ஒரே இடத்தை இருவரும் வெவ்வேறாக மாற்றியிருந்தால், கருவி தானாக முடிவெடுக்காமல் ‘முரண்’ என்று குறியிட்டு மனிதரிடம் விட்டுவிடும்.

‘ஒரே இடம்’ என்பதை எந்த அலகால் அளப்பது என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. 1970களில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டக்ளஸ் மெக்கில்ராய் உருவாக்கிய ‘டிஃப்’ என்னும் நிரல் வரியையே அலகாகக் கொண்டது. அதன் வழிமுறையை அவரும் ஜேம்ஸ் ஹன்ட்டும் 1976இல் விளக்கி எழுதினர். இரு கோப்புகளிலும் அதே வரிசையில் வரும் வரிகளின் மிக நீண்ட தொடரைக் கண்டுபிடித்து, அதில் சேராதவற்றை எல்லாம் மாற்றம் என்று கொள்வது அதன் அடிப்படை. யூஜின் மையர்ஸ் 1986இல் இதற்கு மேலும் விரைவான வழியைக் கண்டார். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் தொடங்கிய ‘கிட்’ உட்பட, இன்று உலகெங்கும் புழங்கும் பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவிகள் இயல்பாக இந்த வரி ஒப்பீட்டின்மீதே மூவழி இணைப்பைச் செய்கின்றன. எந்த மொழி என்று கேட்காமல் எல்லா உரைக்கும் பொருந்துவதே வரிமுறை இத்தனை காலம் நிலைத்திருப்பதற்குக் காரணம். அந்தப் பெருமையை அதற்குத் தராமல் இருக்க முடியாது.

ஆயினும் வரி என்பது தாளுக்கும் திரைக்கும் உரிய அலகே தவிர, உரையின் பொருளுக்கு உரிய அலகன்று. 2003இல் தொடங்கப்பட்ட தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதுவோர் இதை நேரில் உணர்ந்திருப்பர். விக்கி மூல உரையில் ஒரு பத்தி முழுவதும் பெரும்பாலும் ஒரே வரியாகவே அமைகிறது. ஆகவே திருவள்ளூர் மாவட்டத்தைப் பற்றிய கட்டுரையின் ஒரு பத்தியில், மாவட்டம் 1997இல் உருவானதைச் சொல்லும் வாக்கியத்தை ஒருவரும், அதே பத்தியின் இறுதியில் பழவேற்காட்டு ஏரியைக் குறிக்கும் வாக்கியத்தை மற்றொருவரும் ஒரே நேரத்தில் திருத்தினால், இரண்டுக்கும் தொடர்பே இல்லாதபோதும் தொகுத்தல் முரண்பாடு எழுகிறது.

உலை நிரலில் நிகழ்வதை இன்னும் அருகில் சென்று பார்க்கலாம். உண்மையான நிரலில் ஆங்கிலச் சொற்களே வரும். இங்கே புரிதலுக்காகத் தமிழில் எழுதினால் மூலப்படி இவ்வாறு இருக்கும்:

உலைவெப்பம் > 1150 எனில்
    எரிபொருள்வால்வு := மூடு;
எனில்முடிவு;

பராமரிப்புப் பொறியாளர் 1150 என்பதை 1180 ஆக்குகிறார். மாறியது ஓர் எண் மட்டுமே. ஒப்பந்ததாரரின் பொறியாளரோ, எரிகலன் இயங்கும்போது மட்டும் இச்சோதனை நடக்க வேண்டும் என்று கருதி, முழுப் பகுதியையும் புதிய நிபந்தனைக்குள் வைக்கிறார்:

எரிகலன் = இயக்கம் எனில்
    உலைவெப்பம் > 1150 எனில்
        எரிபொருள்வால்வு := மூடு;
    எனில்முடிவு;
எனில்முடிவு;

உள்ளே தள்ளி எழுதப்பட்டதால் பழைய மூன்று வரிகளும் வரிக்கருவியின் கண்ணுக்குப் புதிய வரிகளாகிவிட்டன. எண் மாற்றப்பட்ட வரியையே இவரும் ‘மாற்றியிருக்கிறார்’; எனவே முரண். வெற்றிடத்தைக் கணக்கில் கொள்ளாதே என்று கருவிக்குச் சொல்லி இந்த ஓர் இடரிலிருந்து தப்பலாம் என்றாலும், நீண்ட நிபந்தனை இரண்டு வரிகளாக உடைக்கப்பட்டாலோ, பகுதி முழுவதும் வேறோர் இடத்துக்கு நகர்த்தப்பட்டாலோ அந்த உபாயமும் உதவாது. ‘எனில்முடிவு’ போல அச்சு மாறாமல் திரும்பத் திரும்ப வரும் வரிகள் இதைவிடத் தொல்லையானவை. ஒரு பகுதியின் முடிவு வரியை வேறொரு பகுதியின் முடிவு வரியோடு இணையென்று கருவி பிழையாகப் பொருத்திவிட இடமுண்டு. 2007இல் புது தில்லியில் நடந்த கணினியியல் மாநாட்டில் சஞ்சீவ் கன்னா, கேசவ் குணால், பெஞ்சமின் பியர்ஸ் ஆகியோர், மூவழி வரி இணைப்பின் பண்புகளைக் கணித முறையில் ஆராய்ந்து ஒரு கட்டுரை அளித்தனர். ஒன்றுக்கொன்று நன்கு விலகியிருக்கும் இடங்களில் செய்யப்படும் திருத்தங்கள் ஒருபோதும் மோதா என்று பயனாளர் அனைவரும் நம்பிவந்த கருத்து, கூடுதல் நிபந்தனைகள் இல்லாமல் உண்மையாகாது என்பதை அவர்கள் காட்டினர். பல பத்தாண்டுகள் புழக்கத்தில் இருந்த ஒரு கருவியைப் பற்றி இவ்வளவு அடிப்படையான உண்மை அதன்பின்பே நிறுவப்பட்டது என்பது கவனிக்கத்தக்கது.

மாற்று வழி, உரையை அதன் இலக்கணப்படி பகுத்துப் பார்ப்பது. ‘பகுப்பி’ என்னும் நிரல், எழுத்துகளின் ஓட்டத்தைப் படித்து, மொழியின் இலக்கண விதிகளைப் பொருத்தி, ‘தொடரியல் மரம்’ ஒன்றை உருவாக்குகிறது. மரத்தின் ஒவ்வொரு சந்தியும் கணு. கீழே கிளையின்றி முடியும் கணு இலை. மேலே கண்ட மூன்று வரிகளில், ‘எனில்’ என்னும் கணு மேலே நிற்க, அதன் ஒரு கிளையில் நிபந்தனையும் மறு கிளையில் செய்ய வேண்டிய செயலும் தொங்கும். நிபந்தனைக்குக் கீழே உலைவெப்பம், பெரிது என்னும் குறி, 1150 ஆகிய மூன்று இலைகள் இருக்கும். இப்போது திருத்தங்களை மரத்தின்மீது வைத்துப் பார்த்தால், முதலாமவர் ஓர் இலையின் மதிப்பை மட்டும் மாற்றியிருக்கிறார். இரண்டாமவர் ‘எனில்’ கணுவுக்கு மேலே ஒரு புதிய பெற்றோர்க் கணுவைச் செருகியிருக்கிறார். இரு செயல்களும் வெவ்வேறு கணுக்களைத் தொடுவதால் இரண்டையும் ஏற்றுக்கொண்டு, 1180 என்னும் வரம்பு எரிகலன் நிபந்தனைக்குள் அமர்ந்த நிரலை முரணின்றிப் பெறலாம். விடை மரமாகவே கட்டப்பட்டுப் பின்னர் உரையாக எழுதப்படுவதால், முடிவு வரி இல்லாமல் திறந்து கிடக்கும் பகுதி என்னும் பிழைக்கும் அநேகமாக இடமிருக்காது.

கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இம்முறையில், உழைப்பு முழுவதும் ஒரு வினாவுக்கு விடை காண்பதில் செலவாகிறது: மூல மரத்தின் இந்தக் கணுதான் திருத்திய மரத்தின் அந்தக் கணு என்று எப்படி அறிவது? உரையில் எந்தக் கணுவுக்கும் அடையாள எண் கிடையாது. ஒரு மரத்தை இன்னொன்றாக மாற்றத் தேவையான மிகக் குறைந்த செயல்களைக் கணக்கிடும் வழியைக் குவோ-சுங் டாய் 1979இல் தந்தார். கைஜோங் ஜாங், டென்னிஸ் ஷாஷா ஆகியோர் 1989இல் அதைப் பெரிதும் மேம்படுத்தினர். பிள்ளைக் கணுக்களின் வரிசையைப் பொருட்படுத்தாத மரங்களுக்கு இக்கணக்கு, விரைவான பொதுத்தீர்வு எதுவும் அறியப்படாத கடினக் கணக்குகளின் குடும்பத்தைச் சேர்ந்தது என்பது 1992இல் நிறுவப்பட்டது. ஆகவே முழுமையான விடைக்குக் காத்திராமல், நடைமுறைக்குப் போதுமான விடையை விரைவில் தரும் வழி தேவைப்பட்டது.

அந்த வழியில் முக்கியமான அடியை 1996இல் எடுத்துவைத்த நால்வருள் ஒருவர், சென்னை ஐ.ஐ.டி.யில் கணினியியல் பயின்ற ஆனந்த் ராஜாராமன். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சுதர்சன் சவாத்தே, ஹெக்டர் கார்சியா-மோலினா, ஜெனிஃபர் விடோம் ஆகியோருடன் அவர் எழுதிய கட்டுரை, எளிய உரையாகிய லேடெக் ஆவணங்களையே சோதனைப் பொருளாகக் கொண்டது. ஆவணத்தை அத்தியாயம், பத்தி, வாக்கியம் என்று மரமாக்கி, வாக்கியங்களை இலைகளாக வைத்து, இரு பதிப்புகளின் வாக்கியங்களைச் சொல் சொல்லாக ஒப்பிட்டுப் போதிய ஒற்றுமை உள்ளவற்றை இணை சேர்த்தனர். இலைகள் இணைந்தபின், இரு பத்திகளின் வாக்கியங்களில் பாதிக்கு மேற்பட்டவை தமக்குள் இணையாக இருந்தால் அப்பத்திகளும் இணை என்று மேல்நோக்கிச் சென்றனர். இதன் பயனாக, சேர்த்தல், நீக்கல், திருத்தல் ஆகிய மூன்றோடு ‘நகர்த்தல்’ என்னும் நான்காவது செயலையும் கருவி அறிந்துகொண்டது. ஒரு பத்தி இரண்டாம் இயலிலிருந்து ஐந்தாம் இயலுக்குச் சென்றிருந்தால், வரிக்கருவி அதை ஓரிடத்தில் அழிப்பாகவும் மற்றோரிடத்தில் புதிதாகவும் காணும்; அவர்கள் உருவாக்கிய ‘லாடிஃப்’ அதை நகர்வு என்றே காட்டியது. இந்தச் சிந்தனை அத்துடன் நின்றுவிடவில்லை. நிரல் ஒப்பீட்டுக்காக 2014இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் வெளியிட்ட ‘கம்ட்ரீ’, கணுக்களை இணை சேர்த்தபின் மாற்றப் பட்டியலை உருவாக்கும் கட்டத்தில் இந்த நால்வரின் வழிமுறையையே கையாள்கிறது.

இணை சேர்த்தல் முடிந்தபின் இணைப்பு விதிகளை வகுக்கும்போது, மொழியைப் பற்றிய அறிவு மறுபடியும் தேவைப்படுகிறது. நிரலின் தொடக்கத்தில் மாறிகளை அறிவிக்கும் பட்டியல் ஒன்று இருக்கும். அதன் இறுதியில் ஒருவர் அழுத்தமானிக்கு ஒரு பெயரும் மற்றவர் எச்சரிக்கை விளக்குக்கு ஒரு பெயரும் சேர்த்தால், வரிக்கருவி அதை முரண் என்று நிறுத்தும். அப்பட்டியலில் முன்பின் என்பதற்குப் பொருள் இல்லை என்று அறிந்த மரக்கருவியோ இரண்டையும் சேர்த்துவிடும். அதே சமயம், செயல்களின் தொடரில் வரிசையே உயிர். எரிகலனைப் பற்றவைக்கும் முன் காற்றூதியை ஓட்டி, உலைக்குள் தேங்கியிருக்கக்கூடிய எரிவாயுவை வெளியேற்ற வேண்டும் என்பது உலை இயக்கத்தின் அடிப்படைப் பாதுகாப்பு விதி. ஒரே இடத்தில் ஒருவர் காற்றூதிக் கட்டளையையும் மற்றவர் பற்றவைப்புக் கட்டளையையும் செருகியிருந்தால், எது முந்தும் என்பதைக் கருவி ஊகிக்கக் கூடாது. நின்று கேட்க வேண்டும். நல்ல இணைப்புக் கருவியின் தகுதி முரண்களைக் குறைப்பதில் மட்டும் இல்லை. நிற்க வேண்டிய இடத்தில் தவறாமல் நிற்பதில்தான் அது பெரிதும் இருக்கிறது.

இவற்றையெல்லாம் எப்படிச் சோதித்தறிந்தனர் என்பது தனியே சொல்லத்தக்கது. திறந்த மூல மென்பொருள்களின் வரலாறு முழுவதும் பொதுவில் கிடைக்கிறது. அதில் ஒவ்வொரு இணைப்புக்கும் மூலப்படி, இரு திருத்தப்படிகள், மனிதர் இறுதியில் ஏற்றுக்கொண்ட படி ஆகிய நான்கும் பதிந்திருக்கின்றன. ஆய்வாளர்கள் பழைய இணைப்புகளை வெவ்வேறு கருவிகளைக் கொண்டு மீண்டும் நிகழ்த்தி, விளைவை மனிதரின் விடையோடு ஒப்பிடுகின்றனர். அது இயங்கத்தக்கதாகத் தொகுகிறதா, மென்பொருளுக்குரிய சோதனைகளில் தேறுகிறதா என்றும் பார்க்கின்றனர். யூரி புருன், ரீட் ஹோம்ஸ், மைக்கேல் எர்ன்ஸ்ட், டேவிட் நோட்கின் ஆகியோர் 2011இல் ஒன்பது மென்பொருள்களின் வரலாற்றை ஆராய்ந்து, வரிக்கருவி ‘முரண் இல்லை’ என்று சொல்லி இணைத்தவற்றுள் தாங்கள் சோதித்துப் பார்த்தவற்றில் மூன்றில் ஒரு பங்கு, தொகுக்கும்போதோ சோதனையின்போதோ தவறின என்று கண்டனர். கருவியின் மௌனத்தைச் சரியென்னும் சான்றாகக் கொள்ளக் கூடாது என்பதற்கு இதைவிட வலுவான ஆதாரம் தேவையில்லை.

மர இணைப்புக்கு ஆதரவான சான்றுகளும் இதே வழியில் கிடைத்தன; அதன் எல்லைகளும் அவ்வாறே வெளிப்பட்டன. ஜெர்மனியின் பாசாவ் பல்கலைக்கழகத்தில் ஸ்வென் ஆப்பெலும் உடனுழைப்போரும் உருவாக்கிய கருவிகள் முரண்களைக் குறைத்தாலும், மரங்களைப் பொருத்தும் நேரம் வரிமுறையைவிட மிகுதியாக இருந்தது. அதனால் 2012இல் அவர்கள், முதலில் வரிமுறையை முயன்று, முரண் எழும்போது மட்டும் மரமுறைக்குத் தாவும் கலப்பு வழியை முன்வைத்தனர். இதில் நேரம் மிச்சமாகிறது என்பது உண்மை; ஆனால் வரிமுறை மௌனமாகத் தவறவிட்ட பிழை மரமுறையின் பார்வைக்கு வராமலே போய்விடும் என்பதால், உலை போன்ற இடங்களுக்கு இச்சிக்கனம் உகந்ததாகத் தோன்றவில்லை. பிரேசில் ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஒப்பீடு, ஓரளவு மரத்தையும் ஓரளவு வரியையும் கலக்கும் முறையில் தேவையற்ற முரண்கள் குறைவது உறுதி என்றும், கண்ணில் படாமல் தப்பும் முரண்கள் குறைகின்றன என்பதற்குச் சான்று இல்லை என்றும் கூறியது.

தப்பும் முரண் என்பது என்ன என்பதற்கும் உலையே எடுத்துக்காட்டாகும். வெப்பமானியிலிருந்து வரும் எண்ணை ஒருவர் பாகையிலிருந்து பாகையின் பத்தில் ஒரு பங்காக மாற்றி, தாம் கண்ட இடங்களில் எல்லாம் 1180 என்பதை 11800 என்று திருத்துகிறார். மற்றவர் அதே வேளையில் வேறோர் இடத்தில், உலைவெப்பம் 900ஐத் தாண்டினால் கதவு பூட்டப்பட வேண்டும் என்று ஒரு புதிய நிபந்தனை எழுதுகிறார். கணுக்கள் வேறு, கிளைகள் வேறு. மரம் எந்த முரணையும் காணாது. இணைந்த நிரலிலோ உலை 90 பாகையை எட்டியதுமே கதவு பூட்டிக்கொள்ளும். இலக்கணம் சரியாக இருந்தும் பொருள் சிதைந்த இணைப்பு இது. சூசன் ஹார்விட்ஸ், ஜான் பிரின்ஸ், தாமஸ் ரெப்ஸ் ஆகியோர் 1989இலேயே, எந்த மதிப்பு எதைச் சார்ந்திருக்கிறது என்னும் வலைப்பின்னலைக் கொண்டு இத்தகைய குறுக்கீட்டைக் கண்டறிய வழி வகுத்தனர். ஆனால் இரு நிரல்கள் எல்லாச் சூழலிலும் ஒன்றுபோல் நடக்குமா என்பதைத் துல்லியமாகத் தீர்மானிக்கும் பொது வழிமுறை இருக்க முடியாது என்பது கணினியியலின் நிறுவப்பட்ட உண்மை. ஆதலால் எந்தக் கருவியும் இங்கே தோராயமாகவே உதவ முடியும். ஆலையில் இணைந்த நிரலை உலையில் ஏற்றும் முன் மாதிரி இயக்கத்தில் ஓட்டிப் பார்ப்பதற்கு மாற்று இல்லை.

சிறியதாகத் தோன்றினாலும் நடைமுறையில் பெரிதாகிவிடும் இன்னொன்றும் உண்டு. பல தொடரியல் மரங்கள், பொருளுக்குத் தேவையற்றவை என்று கருதி, வெற்றிடங்களையும் குறிப்புரைகளையும் உதிர்த்துவிடுகின்றன. ‘இந்த வரம்பைக் குறைக்காதீர்’ என்று முன்பு பணியாற்றியவர் எழுதிவைத்த குறிப்பு பொறிக்குத் தேவையில்லை. அடுத்த ஷிஃப்டுக்கு அதுவே முதன்மையானது. எனவே ஒரு குறியையும் விடாமல் வைத்திருக்கும் ‘முழுத் தொடரியல் மரம்’ இணைப்புக்கு ஏற்றது. ‘ட்ரீ-சிட்டர்’ என்னும் பகுப்பித் தொகுதி அத்தகைய மரங்களைப் பல மொழிகளுக்கும் ஒரே வடிவில் தருகிறது; 2024இல் வெளிவந்த ‘மெர்ஜிராஃப்’ என்னும் திறந்த மூல இணைப்புக் கருவி அதன்மீதே கட்டப்பட்டது. ஒரு மொழிக்கு இலக்கணக் கோப்பு எழுதப்பட்டுவிட்டால், அம்மொழியில் எழுதிய உரைகளுக்கு மர இணைப்புக்கான கதவு திறந்துவிடுகிறது.

கும்மிடிப்பூண்டி, தேர்வாய்கண்டிகை, திருவள்ளூர் வட்டாரத்து ஆலைகள் இந்தப் பயனை அடைவதற்குத் தடையாக இருக்கக்கூடியது கணிதமன்று. பி.எல்.சி. தயாரிப்பாளர் பலரும் நிரல்களைத் தத்தம் மென்பொருள் மட்டுமே திறக்கக்கூடிய மூடிய கோப்புகளாகச் சேமிக்கின்றனர். அக்கோப்பை வரிக்கருவியாலும் படிக்க முடியாது, மரக்கருவியாலும் பகுக்க முடியாது. நிரல்களை ஒரு தயாரிப்பிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டுசெல்லத்தக்க எக்ஸ்எம்எல் உரை வடிவத்தை ஐ.இ.சி. 61131-10 என்னும் தரம் 2019இலேயே வரையறுத்துவிட்டது. ஆகவே புதிய உலைக்கோ உருட்டாலைக்கோ ஆர்டர் கொடுக்கும் ஆலை நிர்வாகத்தினர், பொறியை ஒப்படைக்கும்போது நிரலின் மூலப்படியை உரை வடிவிலும் சேர்த்துத் தர வேண்டும் என்னும் ஒரு வரியை ஒப்பந்தத்தில் எழுதிக் கேட்டுப் பெற வேண்டும். பராமரிப்புப் பிரிவினர் ஒவ்வொரு திருத்தத்துக்கும் முந்தைய படியை அழிக்காமல் தேதியிட்டு வைத்திருக்க வேண்டும். மாவட்டத்தின் பாலிடெக்னிக்குகளும் பொறியியல் கல்லூரிகளும் பி.எல்.சி. பாடத்தோடு பதிப்புக் கட்டுப்பாட்டையும் சேர்த்துக் கற்பிக்க வேண்டும்.